பட்டினி கிடக்காமல் தொடங்குங்கள்: சுத்த உணவும் உடற்பயிற்சியும், முதல் எட்டு வாரங்கள்

உடம்பைச் சீராக்க நினைக்கும் பலர் திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டைப் பாதியாக வெட்டுகிறார்கள். அன்று மாலையே ஜிம்மில் சேர்ந்து ஒரு மணி நேரம் ஓடுகிறார்கள். புதன்கிழமை படி இறங்க முடியாத தொடை வலி, வெள்ளிக்கிழமை அடங்காத பசி, மூன்றாவது வாரம் எல்லாம் பழையபடி. மன உறுதி போதவில்லை என்று தங்களையே திட்டிக்கொள்பவர்கள் நிறைய. உண்மையில் தவறு திட்டத்தில்தான் இருக்கிறது. உடம்புக்கு வேலையைக் கூட்டிய அதே நாளில் அதற்கு வேண்டிய சாப்பாட்டையும் குறைத்துவிட்டார்கள்.

ஆகவே இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கப் போகிறோம். முதல் நான்கு வாரம் அளவைக் குறைக்கக் கூடாது. வயிறு நிறையச் சாப்பிடுங்கள். தட்டில் இருப்பது மட்டும் மாறட்டும். எடை குறைய வேண்டியவர்களுக்கும் இதே விதிதான். அவர்களுக்கான குறைப்பு ஐந்தாவது வாரத்தில் வருகிறது.

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வருபவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். வழக்கமாகப் போடும் எச்சரிக்கை என்று இதைத் தாண்டிப் போக வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர் மாவுச்சத்தைக் குறைத்து நடையையும் கூட்டினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தர வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால், கீழே வரும் புரதக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

எது சுத்த உணவு

பாக்கெட்டின் முன்பக்கத்தில் ‘இயற்கை’, ‘ஃபிட்’, ‘கொழுப்பு குறைவு’ என்று அச்சடித்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொண்டெய்ரோவின் குழு உருவாக்கிய ‘நோவா’ வகைப்பாடு நல்ல அளவுகோல். உணவு எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டது என்பதை வைத்து அது நான்காகப் பிரிக்கிறது. முதல் வகை, தானியம், பருப்பு, காய், பழம், முட்டை, பால், மீன், இறைச்சி போன்று கிட்டத்தட்ட அப்படியே இருப்பவை. இரண்டாவது, சமைக்கச் சேர்க்கும் எண்ணெய், உப்பு, சர்க்கரை. மூன்றாவது, இந்த இரண்டையும் கலந்து எளிமையாகச் செய்தவை. நான்காவது, வீட்டுச் சமையலறையில் இருக்கவே இருக்காத பொருள்களை வைத்துத் தொழிற்சாலையில் தயாராகும் அதிபதப்படுத்தப்பட்ட உணவு.

நான்காவது வகையைக் குறைப்பதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிபதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் குறைவாகப் பதப்படுத்திய உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய சாப்பாட்டில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தன. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். அதிபதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் ஒவ்வொருவரும் நாளுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஏறக்குறைய 0.9 கிலோ எடை ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் யாரும் தடுக்காமலே அதே அளவு இறங்கியது. அளவைத் தொடாமல் வகையை மாற்றச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

கடையில் பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும் என்பதால், முதல் மூன்று பெயர்களிலேயே அந்தப் பொருளின் குணம் தெரிந்துவிடும். சர்க்கரைக்கு வேறு பெயர்களும் உண்டு: குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ் சிரப், பழச்சாறு அடர்சாறு. மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் சேராமல் தப்பினாலும் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். இவற்றில் இரண்டு மூன்று ஒரே பட்டியலில் பிரிந்து கிடந்தால், கூட்டிப் பார்க்கும்போது சர்க்கரை முதல் இடத்துக்கே வந்துவிடக்கூடும். அட்டவணையில் ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற வரிசையை விட்டுவிட்டு ‘100 கிராமுக்கு’ என்ற வரிசையைப் பாருங்கள். பரிமாறும் அளவைச் சிறிதாகக் காட்டினால் எந்த எண்ணும் அழகாகத் தெரியும்.

முதல் வாரம்: குடிப்பவை

தட்டைத் தொட வேண்டாம், டம்ளரை மட்டும் மாற்றுங்கள். 330 மில்லி குளிர்பானத்தில் 35 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நாளுக்கு 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது. ஒரே ஒரு கேனில் அந்த இரண்டாவது வரம்பு தாண்டிப்போகிறது. பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேரும், முழுப் பழத்தில் இருப்பது சேராது. அதனால் பழத்தைப் பிழியாமல் கடித்துச் சாப்பிடுங்கள்.

டீ, காபியில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்துபவர்களில் பலர் நான்காம் நாள் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு ஸ்பூன் என்றால் முதல் நான்கு நாள் ஒன்றரை, அடுத்த நான்கு நாள் ஒன்று, பிறகு அரை என்று இறக்குங்கள். நாக்கு பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை சுவை குறைவாகத்தான் தெரியும்.

இரண்டாவது வாரம்: புரதம்

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாக. புரதம் குறைவான சாப்பாடு சீக்கிரம் பசியைக் கிளப்பும். பயிற்சியில் களைத்த தசையைச் சீராக்கவும் புரதம் வேண்டும். பயிற்சி செய்யாத ஒருவருக்குக் குறைந்தபட்சத் தேவை உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். பயிற்சி தொடங்குபவர் 1.2 முதல் 1.6 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 72 முதல் 96 கிராம். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 25 கிராம் அளவில் தொடங்கலாம். எடை மிக அதிகமாக இருப்பவர்கள் இப்போதைய எடையை விட்டு, எட்ட நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடட்டும்.

இப்போது தட்டில். ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம். சமைத்த மீன் அல்லது தோல் நீக்கிய கோழி 100 கிராமில் 20 முதல் 30 கிராம். பருப்பு விஷயத்தில்தான் கணக்கு தப்பும். 100 கிராம் பருப்பில் 22 முதல் 25 கிராம் புரதம் என்று படித்துவிட்டு, வேகவைத்த 100 கிராமைச் சாப்பிட்டு அதே எண்ணை எழுதிக்கொள்கிறார்கள். வேகும்போது பருப்பு தண்ணீரை இழுத்து இரண்டரை மடங்கு எடை கூடும். எனவே வெந்த 100 கிராமில் இருப்பது 8, 9 கிராம்தான். நீர்த்த குழம்பாகச் செய்தால் ஒரு கிண்ணத்தில் அதுவும் இருக்காது. முட்டை, மீன், இறைச்சி சாப்பிடாதவர்கள் பருப்பைத் தொடுகறியாக நினைக்காமல் முக்கிய உணவாகத் தட்டில் வைக்க வேண்டும். ஒரு பெரிய கிண்ணம், அதாவது 200 கிராம் கெட்டியான பருப்பு அல்லது பயறு, கூடவே தயிரோ டோஃபுவோ (சோயாப் பன்னீர்). தானியமும் பருப்பும் ஒரே நாளில் இரண்டும் இருந்தால் புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலங்களில் உள்ள குறையை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்பதில்லை.

காலை உணவிலிருந்து தொடங்குங்கள். பொதுவாகப் புரதம் மிகக் குறைவாக இருப்பது அங்கேதான். மாற்றத்தை முதலில் உணர்வதும் அங்கேதான். பதினொரு மணிப் பசி ஒரு வாரத்துக்குள் தள்ளிப்போகும்.

புரதப் பவுடர் தேவையா? இந்த எண்ணைச் சாப்பாட்டிலேயே எட்ட முடிந்தால் தேவையில்லை. முடியாதவர்களுக்கு அது வசதி, அவ்வளவே.

மூன்று, நான்காவது வாரங்கள்: காய், எண்ணெய், உப்பு

தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம். மொத்தக் காய், பழம் நாளுக்குக் குறைந்தது 400 கிராம். உருளைக்கிழங்கு இந்த 400-இல் சேராது, தானியத்தின் பங்கில் வைத்துக்கொள்ளுங்கள். நார்ச்சத்து இலக்கு 25 கிராம். ஆனால் 10 கிராமில் இருப்பவர் ஒரே நாளில் 25-க்குத் தாவினால் வயிறு உப்பும், வாயு பிரியும், ‘எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடத் தோன்றும். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பழக நேரம் வேண்டும். வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றி, தண்ணீரையும் கூட்டுங்கள். பருப்பு, பயறு வகைகளை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும்.

எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராக வாணலியில் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். 15 மில்லி மேஜைக்கரண்டியில் 120 கலோரி. கண்ணால் அளந்து ஊற்றும் ‘கொஞ்சம்’ எளிதில் மூன்று கரண்டியாகிவிடும். எந்த எண்ணெய் நல்லது என்ற விவாதத்தில் செலவிடும் நேரத்தை ஓர் அளவுக் கரண்டி வாங்கச் செலவிடலாம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்குங்கள், அதுதான் உப்பின் அளவு.

வேலைநாள் மாலையில் பசியோடு வீட்டுக்கு வரும்போது சமைத்தது எதுவும் இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. வாரத்தில் இரண்டு நாள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, இரண்டு வகைப் பருப்பு அல்லது பயறு, ஆறு முட்டை, கழுவி நறுக்கிய காய் என்று தயார் செய்து வையுங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். ஆழமான பாத்திரத்தில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் பெருகும் என்பதால் அகலமான ஆழமற்ற பாத்திரங்களுக்கு மாற்றி ஆறவிடுங்கள். பருப்பு, காய் மூன்று நாள் தாங்கும். சோற்றை மறுநாளே முடித்துவிடுங்கள். பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

நடை முதலில்

உணவு மாற்றத்தோடு முதல் வாரமே நடையைத் தொடங்குங்கள். 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் நான்காவது வாரத்தில் 30 நிமிடம், ஐந்து நாள், ஆக 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வைத்த குறைந்தபட்ச அளவும் இதுதான் (அங்கே 150 முதல் 300 நிமிடம் வரை சொல்லப்படுகிறது). வேகத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சாப்பிட்டதும் நடந்தால் உணவுக்குப் பின் ஏறும் ரத்தச் சர்க்கரையும் மட்டுப்படும்.

ஆர்வத்தில் முதல் வாரமே ஒரு மணி நேரம் நடப்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரத்தில் வலி வரலாம். நுரையீரலும் தசையும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும், தசைநாண்களும் எலும்பும் அதைவிட மெதுவாகத்தான் பழகும். ‘இன்னும் முடியும்’ என்று தோன்றும்போதே நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

நாளுக்கு 10,000 அடி என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. 7,000 அளவிலேயே பலனின் பெரும்பகுதி கிடைத்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 3,000 அடி நடப்பவர் 5,000-க்கு வந்தாலே நல்ல முன்னேற்றம்.

தசைப் பயிற்சி: மூன்றாவது வாரத்திலிருந்து

வாரத்தில் இரண்டு நாள், இடையில் குறைந்தது 48 மணி நேர இடைவெளி. ஐந்து அசைவுகள் போதும், ஜிம் தேவையில்லை. முதலில் ஐந்து நிமிடம் நடந்து, கை, இடுப்பு, முழங்கால் மூட்டுகளைச் சுழற்றிச் சூடேற்றுங்கள். ஓர் அசைவுக்கு 8 முதல் 12 முறை, அப்படி இரண்டு சுற்று, சுற்றுகளுக்கிடையே 90 விநாடி ஓய்வு.

நாற்காலி ஸ்குவாட்: பாதங்கள் தோள் அகலம், விரல்கள் சற்று வெளிப்பக்கம். இடுப்பைப் பின்னால் தள்ளி, மூன்று விநாடி எடுத்து இறங்கி, நாற்காலியை லேசாகத் தொட்டு எழுங்கள். முழங்கால் உள்பக்கம் மடங்குவதும் குதிகால் தரையை விட்டு எழுவதும் பொதுவான தவறுகள். முழங்கால் கால்விரல்களின் திசையிலேயே போகட்டும். கடினமாக இருந்தால் நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள்.

புஷ்-அப்: சுவரில் தொடங்கி, உறுதியான மேஜை, தாழ்வான பெஞ்ச், கடைசியில் தரை. தலை முதல் குதிகால் வரை ஒரே கோடு. முழங்கை உடம்போடு ஒட்டவும் வேண்டாம், பக்கவாட்டில் விரியவும் வேண்டாம். 45 டிகிரி அளவில் இருந்தால் தோள்மூட்டுக்குச் சுமை குறையும்.

இழுத்தல்: பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகை நேராக வைத்து, மறுகையால் பையை இடுப்பை நோக்கி இழுங்கள். வீட்டில் பயிற்சி செய்பவர்கள் அதிகம் தவறவிடும் அசைவு இது. புஷ்-அப் மட்டும் செய்துகொண்டே போனால் முதுகுத் தசைகளுக்குப் போதிய வேலை கிடைக்காது.

இடுப்புத் தூக்கல்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிகாலை ஊன்றி இடுப்பை உயர்த்தி இரண்டு விநாடி நிறுத்துங்கள். கீழ்முதுகில் இழுத்தால் நீங்கள் அளவுக்கு மீறி உயர்த்துகிறீர்கள்.

பிளாங்க்: குப்புறப் படுத்து, முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை ஒரே கோடாக உயர்த்தி 20 விநாடி, இரண்டு முறை. இடுப்பு தொய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். தொய்ந்த பிறகு கூடும் விநாடிகளால் முதுகு வலிதான் மிச்சம்.

மூச்சை அடக்காதீர்கள், முயற்சி செய்யும் கட்டத்தில் வெளியே விடுங்கள். இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் சுற்றை முடியுங்கள். இரண்டு சுற்றிலும் 12-ஐ அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாள்களில் எட்டிவிட்டால் அசைவைக் கடினமாக்குங்கள்: மேஜையிலிருந்து பெஞ்சுக்கு, பையில் இன்னொரு பாட்டில். இப்படி ஏற்றாமல் மாதக்கணக்கில் ஒரே எடையைத் தூக்குவதுதான் முன்னேற்றம் நின்றுபோக முக்கியக் காரணம்.

மறுநாள் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வந்து தானாக அடங்கும் தசை வலி இயல்பு. மூட்டுக்குள் குத்தும் வலி, ஒரே இடத்தில் சுருக்கென்ற வலி, வீக்கம் இருந்தால் அந்த அசைவை நிறுத்துங்கள். வலித்தால்தான் பயிற்சி பலித்தது என்று நினைக்க வேண்டாம். பழகிய உடம்புக்கு வலி இல்லாமலே தசை வளரும்.

எடைக் கருவியை எப்படிப் படிப்பது

முதல் வாரத்தில் ஒன்று, இரண்டு கிலோ இறங்கினால் அது பெரும்பாலும் கொழுப்பு இல்லை. மாவுச்சத்தை உடம்பு சேமிக்கும் வடிவமான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரோடு இருக்கிறது. மாவுச்சத்து குறைந்தால் இரண்டும் சேர்ந்து வெளியேறும். அதேபோல் உப்பு தூக்கலான ஓர் இரவுச் சாப்பாடு, புதிதாகச் செய்த தசைப் பயிற்சி, மாதவிலக்குக்கு முந்தைய நாள்கள் எல்லாமே தண்ணீரைத் தேக்கி எடையை ஏற்றிக் காட்டும். காலையில் கழிவறை போய்வந்த பிறகு பாருங்கள். ஒரு வாரச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்புச் சுற்றளவையும் எடுங்கள். அது உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது.

ஐந்தாவது வாரத்தில், கொழுப்பு குறைய வேண்டியவர்கள் தானியப் பங்கில் கால்வாசியையும், நாள் முழுவதற்குமாக ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயையும், இரண்டு வேளைக்கிடையே கொறிப்பதில் ஒன்றையும் எடுங்கள். பலருக்கு இதுவே 300 முதல் 400 கலோரி. புரதத்தையும் காயையும் தொடாதீர்கள். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் இறங்கினால் சரியான வேகம். அதைவிட வேகமாகப் போனால் தசையும் சேர்ந்து கரையும். எடை குறைய வேண்டாதவர்கள் எதையும் எடுக்க வேண்டாம், மூன்றாவது தசைப் பயிற்சி நாளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இடையில் வரும் சறுக்கல்கள்

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்யவோ பட்டினி கிடக்கவோ வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு நடத்திய ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. அடுத்த வேளைச் சாப்பாட்டிலேயே பழைய தடத்துக்கு வந்துவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பசி அடங்கவில்லையா? தூக்கத்தைப் பாருங்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குபவர்களுக்குப் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். காபியின் கஃபைன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் அளவில் ஆகும் என்பதால் பிற்பகலுக்குப் பிறகு வேண்டாம். ‘டீடாக்ஸ்’ சாறுகளைத் தேடவும் வேண்டாம், அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்துகொண்டிருக்கின்றன.

எதிர்ப்பக்கச் சறுக்கல் ஒன்றும் உண்டு. ஸ்டீவன் பிராட்மேன் என்ற மருத்துவர் 1997-இல் அதற்கு ஆர்த்தோரெக்ஸியா என்று பெயர் வைத்தார். உணவின் சுத்தத்தைப் பற்றிய எண்ணமே நாள் முழுக்க ஓடுவது, பிறர் வீட்டில் சாப்பிட பயப்படுவது, விதி மீறினால் குற்ற உணர்ச்சியில் தவிப்பது, ஒவ்வொரு உணவு வகையாக ஒதுக்கிக்கொண்டே போவது. இவை தென்பட்டால் விதிகளைத் தளர்த்துங்கள், மருத்துவரிடம் பேசுங்கள். வாரத்தின் 21 வேளையில் 17, 18 வேளை இந்த முறையில் இருந்தால் போதும். மீதி வேளைகளில் பிடித்ததை அனைவரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதற்காக மறுநாள் எதையும் கழிக்க வேண்டாம்.

எட்டாவது வார இறுதியில் நான்கு விஷயங்களை அளந்து முதல் வாரக் குறிப்போடு ஒப்பிடுங்கள்: இடுப்புச் சுற்றளவு, வழக்கமான ஒரு தூரத்தை நடக்க ஆகும் நேரம், 30 விநாடியில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது, காலையில் எழுந்ததும் ஒரு நிமிடத்துக்கு எத்தனை நாடித்துடிப்பு. நான்கில் மூன்று முன்னேறியிருந்தால் இதே திட்டத்தைச் சுமையை மட்டும் ஏற்றி அடுத்த எட்டு வாரம் தொடருங்கள். எழும் எண்ணிக்கை மட்டும் நகரவில்லை என்றால் புரதத்தைக் கிலோவுக்கு 1.6 கிராம் அருகே கொண்டுபோய், தசைப் பயிற்சியை மூன்று நாளாக்குங்கள். இடுப்பு மட்டும் நகரவில்லை என்றால் எண்ணெயையும் குடிப்பதையும் ஒரு வாரம் அளந்து எழுதிப் பாருங்கள், கணக்கில் வராத கலோரி பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கும்.